காலிப் பெட்டியின் எடை

எங்கள் வீட்டில் பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். திருப்பனந்தாள் பக்கம் எங்கள் ஊர். அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். சுடுகாட்டைத் தாண்டித்தான் எங்கள் தெருவுக்கே பாதை, பிணத்துக்குப் பயந்தால் பள்ளிக்கூடம் போக முடியாது என்று சொல்லியே எங்களை வளர்த்தார். நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ், பார்ப்பது சோதனைப் பொறியாளர் வேலை. மெஷின் ஒரு எண்ணைக் காட்டினால் அதை உடனே நம்பாமல் முதலில் ஒயரைச் சந்தேகப்பட வேண்டும், பிறகு சென்சாரை, பிறகு என்னையே. அதற்குத்தான் சம்பளம். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். முழுதாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

புதிதாக ஒரு ரயில் பெட்டி செய்தால் அதை நேரே ஜனங்களிடம் கொடுத்துவிட மாட்டார்கள். ஓட்டிப் பார்க்க வேண்டும். காலியாக மட்டும் ஓட்டிப் பார்த்தால் போதாது, ஆள் ஏறினால் பெட்டியின் ஆட்டம் வேறு, பிரேக் பிடித்து நிற்கும் தூரம் வேறு. சோதனைக்காக உயிருள்ள ஆட்களை ஏற்றவும் முடியாது. அதனால் ஆளுக்குப் பதில் மணல் மூட்டை. ஒரு சீட்டுக்கு ஒரு மூட்டை, ஏறக்குறைய ஒரு மனிதனின் எடைக்கு. கதவைத் திறந்து பார்த்தால் வரிசையாகச் சீட்டில் மூட்டைகள் உட்கார்ந்திருக்கும். பழகிவிட்டால் ஒன்றும் தோன்றாது. எனக்குப் பழகியிருந்தது.

நாங்கள் சோதித்தது பிரேக்கை. இந்தப் பெட்டிக்கு அடியில் நான்கு மூலையிலும் ரப்பர் காற்றுப் பைகள் இருக்கும். மேலே கூட்டம் ஏற ஏறப் பைக்குள் அழுத்தம் கூடும், அதை வைத்துத் தன் மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்று பெட்டி தானே தெரிந்துகொண்டு அதற்குத் தக்கபடி பிரேக் பிடிக்கும். கூட்டமான பெட்டியும் காலிப் பெட்டியும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும், அதுதான் நோக்கம். ரயில்வே கேட்டில் ஒரு மாடோ மனிதனோ மாட்டிக்கொண்டால் அந்தக் கொஞ்ச தூரம்தான் உயிருக்கும் சாவுக்கும் நடுவில் இருப்பது. அந்த எடையைப் படிப்பது என் வேலை. நான் இருந்தது பக்கத்தில் இணைத்திருந்த கருவிப் பெட்டியில். மூட்டை ஏற்றிய பெட்டியில் ஒருவரும் இருக்க மாட்டோம், கதவுகளைப் பூட்டிவிடுவோம். அங்கிருந்து ஒயர் மட்டும் என் திரைக்கு வரும்.

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் வரை எங்களுக்கு லைன் கொடுத்திருந்தார்கள். மாசி மாதம். அறுவடை முடிந்த தாளடி வயலில் உளுந்து பச்சையாக முளைத்துக் கிடந்தது. பயணிகள் வண்டிகளுக்கு இடையில் கிடைக்கிற நேரத்தில், பெரும்பாலும் மத்தியான வெயிலில், ஓட்டுவோம்.

மணல்தான் தகராறாக இருந்தது. ஆற்று மணல் எடுக்க முடியாது. காண்ட்ராக்டர் எங்கெங்கோ அலைந்துவிட்டு, கடல் முகத்துவாரத்தில் தூர் வாரிக் கரையில் பல வருடமாகக் குவிந்து கிடந்த மணலை மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். நாகப்பட்டினம் யார்டில் ஏற்றும்போதே உப்பு வாடை, சாக்குத் தையலில் கிளிஞ்சல் துணுக்குகள். எங்கள் டெக்னீஷியன் ஜாபர் அண்ணன் ஒரு மூட்டையைக்கூடத் தொடவில்லை. தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிறந்தது நாகப்பட்டினத்தில், ஆனால் குடியிருப்பது திருவாரூரில். கடல் சத்தம் கேட்கிற இடத்தில் அவரால் தூங்க முடியாது என்று மற்றவர்கள் சொல்வார்கள். சுனாமியில் குடும்பத்தை இழந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும், அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அந்த ஊரில் அதை யாரும் யாரிடமும் துருவிக் கேட்பதில்லை.

ஏற்றி முடித்ததும் முதல் தகராறு. ஒவ்வொரு மூட்டையையும் எடை போட்டுத்தான் ஏற்றியிருந்தோம், ஆனால் திரையில் மொத்த எடை அதிகமாகக் காட்டியது. கொஞ்சநஞ்சம் இல்லை, நான்கைந்து ஆட்களின் எடை. எங்கள் குழுத் தலைவர் கோபிநாத் சாரிடம் சொன்னேன்.

"ஈர மணலா இருக்கும்மா. கடல் மணல் சீக்கிரம் காயாது."

"ஈரத்தோடதான சார் எடை போட்டோம்?"

"அப்ப தராசு பழசு. ஓட்டுங்க, பாத்துக்கலாம்."

நான் ஒயரை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன். ஜாபர் அண்ணன் பெட்டிக்கு அடியில் படுத்துக் காற்றுப் பைகளில் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார். எங்கும் கசிவு இல்லை. அதே எடைதான் காட்டியது. சரி, தராசுதான் பொய் என்று நானும் விட்டுவிட்டேன். அப்படியே சில நாள் ஓட்டினோம், ஒரு வித்தியாசமும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் பிற்பகல், நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பித் திருவாரூர் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு சின்ன ஹால்ட், பெயரைச் சொல்லவில்லை, ஒரு புங்க மரம், ஒரு சிமெண்ட் பெஞ்ச், தரையோடு தரையாக ஒரு பிளாட்பாரம், அவ்வளவுதான். எங்கள் வண்டிக்கு அங்கே வேலை இல்லை, தினமும் நிற்காமல் தாண்டிவிடுவோம். அன்றைக்கு அதற்கு அடுத்த கேட்டில் நெல் அறுக்கும் மெஷினை ஏற்றிவந்த லாரி தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டது. கேட்டை மூட முடியாததால் சிக்னல் சிவப்பு. எங்கள் வண்டி சரியாக அந்த ஹால்ட்டில் போய் நின்றது.

நல்ல வெயில். பிளாட்பாரத்தில் ஒரு ஆள் கிடையாது, ஒரு நாய்கூட இல்லை. நான் தண்ணீர் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். மூட்டைப் பெட்டியின் இடது பக்க எண்கள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தன, வலது பக்கம் அதே அளவுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மொத்தம் மாறவில்லை. உள்ளே இருந்த எடை வலமிருந்து இடமாக நகர்கிறது என்று அர்த்தம். மூட்டை எப்படி நகரும். சரிந்துவிட்டதோ என்று நினைத்துக் கொண்டிருக்கும்போதே மொத்த எடை சட்டென்று ஒரு படி இறங்கியது. கொஞ்சம் நின்று இன்னொரு படி. காற்றுக் கசிவென்றால் திரையில் ஓடும் கோடு சாய்வாக இறங்கும். இது படிப்படியாக இறங்கியது, ஒருவர் இறங்கி, அடுத்தவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை வைத்து, அவர் இறங்கி, அதற்கடுத்தவர் என்கிற மாதிரி. கூட்டமான பெட்டி ஸ்டேஷனில் நிற்கும்போது இதே கோட்டை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நம்பினால் நம்புங்கள், நான் எண்ணினேன், நான்கு படி.

ஜாபர் அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"எந்தப் பக்கங்க எறங்குது?"

"இடது பக்கம்ணே."

அவர் ஜன்னலைப் பார்த்தார். பிளாட்பாரம் இடது பக்கம்தான் இருந்தது. அதற்குள் சிக்னல் விழுந்து வண்டி கிளம்பிவிட்டது.

திருவாரூரில் பூட்டைத் திறந்து உள்ளே ஏறிப் பார்த்தேன். ஒரு மூட்டை சரியவில்லை, ஒரு தையல் பிரியவில்லை. ஹால்ட்டைத் தாண்டிய பிறகு வழியில் ஒரு அவசர பிரேக் சோதனையும் நடந்திருந்தது. சென்சார் பொய் சொல்லியிருந்தால் பெட்டி ஏமாந்து பிரேக்கைக் குறைத்துப் பிடித்து, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடியிருக்கும். ஓடவில்லை. எங்கே நிற்க வேண்டுமோ சரியாக அங்கே நின்றது. அப்படியென்றால் எடை நிஜமாகவே குறைந்திருக்கிறது. கோபிநாத் சாருக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா, இப்பத்தான் தராசுக் கணக்கோட ஒத்துப்போகுது. எங்கயோ ஒரு வால்வு சிக்கியிருந்து விடுபட்டிருக்கு. விடு."

கணக்கோடு முழுக்க ஒத்துப்போகவில்லை, கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவ்வளவு பெரிய எடையில் அது ஒரு பொருட்டே இல்லை என்று அவர் சொன்னதும் சரிதான்.

வெளியே டீக்கடையில் ஜாபர் அண்ணன் டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். அவராகத்தான் ஆரம்பித்தார்.

"செல்விம்மா, சுனாமி அன்னைக்கு நான் அந்த ஹால்ட்லதான் நின்னுக்கிட்டு இருந்தேன். எங்க பெரியம்மா வீட்டுக்கு அங்கேர்ந்து உள்ள நடக்கணும். அவங்க மவளுக்கு நிச்சயம். ஒத்தாசைக்குன்னு என்னை மொத நாளே அனுப்பிட்டாங்க. உம்மா, லாத்தா, அதாங்க எங்க அக்கா, மச்சான், மச்சானோட உம்மா, அப்புறம் எங்க தங்கச்சி சம்மு, எல்லாரும் காலை வண்டியில வர்றதா பேச்சு. நான் சைக்கிள எடுத்துக்கிட்டு வந்து நின்னேன். வண்டி வரல."

"எவ்வளவு நேரம் நின்னீங்கண்ணே?"

"பொழுது சாயுற வரைக்கும். கடல் ஊருக்குள்ள வந்துடுச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் சிரிச்சேன். கடல் எப்படிங்க ஊருக்குள்ள வரும். எனக்குப் பதினாறு வயசு."

"யாருமே கெடைக்கலையா?"

"ஒருத்தரும் கெடைக்கல. வாப்பா சவுதியில இருந்து வந்து ஒவ்வொரு எடமா பாத்தாங்க. குழி வெட்டி மொத்தமா அடக்கம் பண்ணாங்கல்ல, அதுல இருப்பாங்கன்னாங்க. இல்லாட்டி கடலோட போயிருப்பாங்கன்னாங்க."

டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எறங்கியிருக்காங்க. இருபது வருஷம் கழிச்சு வந்து எறங்கியிருக்காங்க. நான் பக்கத்துப் பெட்டியில ஒங்க தோளுக்குப் பின்னால நின்னு எண்ணப் பாத்துக்கிட்டு இருந்தேன். எறங்கிப் போய் நிக்கலையேங்க. அழைச்சிட்டுப் போக ஆளில்லாம எங்க போயிருப்பாங்க?"

அது வால்வாக இருக்கும் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அப்போதே பைக்கை எடுத்துக்கொண்டு அந்த ஹால்ட்டுக்குப் போனார். மறுநாள் வேலைக்கு வந்தபோது முகத்தைப் பார்த்தே தெரிந்தது, அங்கே ஒன்றும் இல்லை. பெரியம்மா வீட்டு வழியெல்லாம் நடந்து பார்த்திருக்கிறார். அந்த வீடும் இப்போது இல்லை, விற்று மனைக்கட்டாகப் போட்டுவிட்டார்கள்.

அடுத்தது காலிப் பெட்டிச் சோதனை. மூட்டைகளை இறக்கி, பெட்டியைக் கூட்டி, கழுவி, காயவிட்டோம். ஒரு மணல் துகள் இல்லை. நான் திரையைப் போட்டேன். காலிப் பெட்டிக்கு எவ்வளவு காட்ட வேண்டுமோ அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் காட்டியது. முன்பு மிச்சமிருந்த அதே கொஞ்சம்.

ஜாபர் அண்ணன் கேட்டார். "எவ்வளவு அதிகம்?"

"பதினஞ்சு கிலோகூட இருக்காதுண்ணே."

அவர் கழுவிக் காயவிட்ட பெட்டியின் பக்கம் திரும்பினார்.

"நாலு வயசுப் புள்ளைக்கு அவ்வளவுதாங்க இருக்கும்," என்றார். "அந்த ஹால்ட்ல பிளாட்பாரம் பள்ளத்துல இருக்கும். பெட்டியோட கடைசிப் படியில இருந்து சம்முவுக்குக் கால் எட்டாது. எப்பவும் நாந்தான் தூக்கி எறக்குவேன். அவங்க எல்லாம் எறங்கிட்டாங்க. எறக்கி விட ஆளில்லாம இவ மட்டும் உள்ளேயே இருக்கா."

கோபிநாத் சாரிடம் நான்தான் போனேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை, எடை அதிகம் என்று மட்டும் சொன்னேன். அவர் பார்த்துவிட்டு, இது அனுமதிக்கப்பட்ட பிழைக்குள்தான் இருக்கிறது, இதற்கெல்லாம் சோதனையை நிறுத்த முடியாது என்றார். விதிப்படி அது உண்மை. ஒரு ரயில் பெட்டியின் கணக்கில் பதினைந்து கிலோ பிழையே இல்லை. பிறகு முழுதும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஜன்னல் வழியாக ஜாபர் அண்ணனைப் பார்த்தார். அவர் யார்டில் அந்தப் பெட்டியின் கதவுக்கு நேராக வெறுமனே நின்றுகொண்டிருந்தார்.

"நாளைக்கு ஹால்ட்ல ஒரு தடவை நிறுத்தச் சொல்றேன். நின்னு கிளம்புற ரீடிங் ஒண்ணு வேணும்னு சொல்லிக்கலாம். இந்த ஒரு தடவைதான்மா."

மறுநாள் பிற்பகல் வண்டி அங்கே நின்றது. ஜாபர் அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரி, பெருநாளுக்குப் போகிற மாதிரி வந்திருந்தார். இறங்கிப் போய் அந்தப் பெட்டியின் கதவைத் திறந்தார். நான் திரையை என் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன், அவரையும் பார்க்க வேண்டும், எண்களையும் பார்க்க வேண்டும். வயலில் உளுந்துக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் வேலையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள்.

அவர் இரண்டு கையையும் மேலே நீட்டினார்.

"சம்மு. வாடா தங்கம். அண்ணன் வந்திருக்கேன். பயப்படாத, நான் புடிச்சுக்குறேன், வா."

திரையில் வலது பக்கம் இருந்த அந்தச் சின்ன எடை இடது பக்கம் வந்தது. தூர மூலையிலிருந்து கதவுக்கு வந்தது. வந்து நின்றது. வாசலில் நிற்கிறது என்பதற்கு மேல் என்னால் வேறு மாதிரி அந்த எண்களைப் படிக்க முடியவில்லை. அவர் குதிகாலை உயர்த்தி இன்னும் கொஞ்சம் கையை நீட்டினார்.

பிறகு அது திரும்பி உள்ளே போனது. மெதுவாக இல்லை, சட்டென்று. வலது பக்கக் கடைசி மூலைக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டது.

அவர் நின்ற இடத்திலிருந்து திரை தெரியாது, ஆனாலும் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறைக்க எனக்குத் தெரியவில்லை. "உள்ள போயிட்டுதுண்ணே" என்றேன். கை இன்னும் நீட்டியபடி இருந்தது. அதை இறக்கி, தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பாதி நரைத்த தாடி.

"அவளுக்குப் பதினாறு வயசுப் பையனத்தாங்க தெரியும்," என்றார். "நான் யாரோ ஒரு ஆளு."

லோகோ பைலட் ஹாரன் அடித்தார். கதவைச் சாத்த மனமில்லாமல் அண்ணன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு அவரேதான் சாத்தினார்.

பெட்டி சோதனையில் தேறியது. பிரேக் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி, பிரேக் நன்றாகத்தான் இருந்தது, அதில் சந்தேகம் இல்லை. அந்தப் பெட்டியை ஒரு வண்டியில் கோத்து வடக்கே அனுப்பிவிட்டார்கள். ஜாபர் அண்ணன் வேலையை விட்டுவிட்டார். ஒரு தடவை டிக்கெட் எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய் அந்தப் பெட்டியைத் தேடிப் பிடித்து, முனைக்கு முனை போய் வந்தார். கூட்டத்தில் என்ன தெரியும். எல்லாச் சீட்டிலும் ஆள் இருந்தது, எதிரில் ஒரு குடும்பம் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே வந்தது, அவ்வளவுதான் என்றார். இப்போது எனக்கு போன் செய்தால் நலம் விசாரிப்பதெல்லாம் இல்லை. "இன்னைக்கு எந்த ஊர்ல இருக்கா?" என்று கேட்பார். சொன்னால் வைத்துவிடுவார்.

எனக்குத் தெரியக் காரணம், புதுப் பெட்டிகளின் எடைக் கணக்கு ஓடுகிற வண்டியிலிருந்தே எங்கள் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருக்கும். அதைப் பார்ப்பதும் என் வேலைதான். பார்க்காமல் விட்டுவிடலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். பகலில் வண்டி கடைசி ஸ்டேஷனுக்குப் போய், கூட்டம் முழுக்க இறங்கி, அடுத்த கூட்டம் ஏறுவதற்கு முன்னால் பெட்டி கொஞ்ச நேரம் காலியாக நிற்கும். அப்போது அந்தச் சின்ன எடை பிளாட்பாரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கக் கதவுக்கு வருகிறது. அந்த ஊர் பெயரை நம்மாலேயே சரியாகச் சொல்ல முடியாது, ஒலிபெருக்கியில் ஹிந்தியில் ஏதோ சொல்வார்கள். அங்கே வந்து நிற்கிறது. அடுத்த கூட்டம் ஏறும் வரை அங்கேயேதான் நிற்கிறது. ஜனங்கள் முண்டியடித்து ஏற ஆரம்பித்ததும் எண்கள் கலந்துவிடுகின்றன, அதற்கு மேல் எனக்குத் தெரிவதில்லை.